சூப்புக்காரரும் தராசுக்காரரும்

இந்த மாதத்துச் சஞ்சிகை இன்று காலையில் வந்தது. தபால்பெட்டியைத் திறந்ததுமே புது மையும் வழவழப்பான தாளும் சேர்ந்த அந்த மணம் அடித்தது. துப்பாக்கிகளைப் பற்றிய சஞ்சிகை என்றால் துவக்கு எண்ணெய்தான் மணக்கும் என்று ஆரம்பத்தில் நீர் நம்பியிருந்தீர். முகர்ந்து பார்த்துவிட்டு, "இது பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரியெல்லோ மணக்குது" என்றீர். ஒவ்வொரு மாதமும் பெட்டியைத் திறக்கும்போது எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வருகிறது.

இந்தத் தடவை நடுப்பக்கத்தில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள். கிழித்து அனுப்பலாம், முத்திரை வேண்டாம். எங்கள் எழுத்தாளர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார், ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். பதில் எழுதக் கொஞ்சம் இடமும் விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பேருந்திலும் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையிலும் வாளியும் தும்புத்தடியுமாக நின்ற இடத்திலும் நாம் இருவரும் இதைப் பற்றித்தானே வாய் ஓயாமல் சண்டை பிடித்தோம். அப்போது எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. கோப்பி போட்டுக்கொண்டு அட்டையின் முன்னால் உட்கார்ந்தேன். கோப்பி ஆறிவிட்டது, அட்டை இன்னும் வெறுமையாக இருக்கிறது. அதனால்தான் முதலில் உமக்கு எழுதுகிறேன்.

சுவிஸில், பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பகல் முழுவதும் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து முள் பொருத்துவோம். திங்கள் பின்னேரங்களில் காட்டோரம் இருந்த சுடுகிறவர்களின் வீட்டைத் துப்புரவு செய்யப் போவோம். நாங்கள் வைத்த பெயர் துவக்குக் கிளப். சனி ஞாயிறுகளில் ஊர் ஆண்கள் வந்து தூரத்துப் பலகையில் சுட்டுவிட்டு, பியர் குடித்து, பாற்கட்டி தின்று, மேசையை அப்படியே விட்டுப் போவார்கள். முதல் நாள் நீர் வாசலிலேயே நின்றுவிட்டீர். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி நிறையச் சுட்டு முடித்த வெற்று ரவைக்கோதுகள் கிடந்தன. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டீர். தூசியைத் தவிர ஒருவரும் இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் சப்பாத்தைக் கழற்றினீர்.

கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்துத் தட்டில் பழைய சஞ்சிகைகள் அடுக்கியிருந்தன. நீர் துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே புரட்டுவீர். படம் பார்க்கிறீர் என்று நினைத்தேன். எங்களுக்குக் கிளப்பின் கதவுத் திறப்பைக் கொடுக்கிற பெண், எப்படியும் எறியப் போகிறவைதான், வேண்டுமானால் கொண்டுபோங்கள் என்றதும் ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டீர். ஜெர்மன் பழகத்தான் என்று எனக்குச் சொன்னீர். நானும் அதே சாட்டோடு சிலவற்றை எடுத்தேன். கொஞ்ச நாளில் நாம் இருவரும் துவக்கை மறந்து எழுதுகிறவர்களைப் பிடித்துக்கொண்டோம்.

உம்முடைய ஆள் சூப்புக்காரர். ஏதோ மலைக் கிராமத்துக் கிழவர். அவருடைய கட்டுரை மனைவி அடுப்பில் பார்லி சூப் வைப்பதோடு தொடங்கும். மேசைக்குக் கீழே அவருடைய நாய் படுத்திருக்கும், அதற்கு இடுப்பில் நோவு. வெளியே பனிப்புகார். அடுத்த வீட்டுக்காரனுடைய உழவு இயந்திரம் இன்றைக்கும் கிளம்பவில்லை. இத்தனையும் சொல்லி முடித்த பிறகுதான் அலுமாரியிலிருந்து துவக்கை எடுப்பார். நாலு தரம் சுடுவார், சூப் கொதித்துவிடும், கட்டுரை முடிந்துவிடும். என்னுடைய ஆள் தராசுக்காரர். அவருக்கு மனைவியும் இல்லை, நாயும் இல்லை, காலநிலையும் இல்லை. ஒரு பக்கத்தில் எழுத்து, மறுபக்கத்தில் அட்டவணை. நீளம், குழாய், விசையின் இறுக்கம், எடை. கடைசியில் ஒரேயொரு வரியில் தீர்ப்பு. "சொன்னதைச் செய்கிறது" என்று ஒருமுறை எழுதியிருந்தார். அந்த வரியை நான் நாள் முழுக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். மயிரிழை பிசகினாலும் மணிக்கூடு நின்றுவிடும் வேலையில் இருக்கிறவளுக்கு அவரைத்தானே பிடிக்கும்.

"உம்மட தராசுக்காரர் கலியாண வீட்டுக்குப் போனாலும் பொம்பிளையின்ர பாரத்தைத்தான் எழுதிக்கொண்டு வருவார்" என்பீர். உம்முடைய ஆள் வீடு பற்றி எரிந்தாலும் சூப்பைக் குடித்து முடித்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார் என்று நான் திருப்பிக் கொடுப்பேன். முன் இருக்கையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

சஞ்சிகை கையில் கிடைத்தால் இருவரும் முதலில் திறப்பது வாசகர் கடிதப் பக்கம். இந்த நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் எங்கள் சண்டையையே எழுதினார்கள். சூப் போதும், துவக்கைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஒருவர். எண் வேண்டுமென்றால் நான் தொலைபேசிப் புத்தகம் வாசிப்பேனே என்று இன்னொருவர். அந்தத் தொலைபேசிப் புத்தகக்காரரை நீர் உம்முடைய சொந்தக்காரர் போலவே கொண்டாடினீர். நீரும் ஒரு கடிதம் எழுத ஆசைப்பட்டீர். பெயரும் ஊரும் அச்சில் வரும், உம்முடைய குடியுரிமைக் கோப்பு ஊர்ச் சபையில் கிடக்கிறது, பேசாமல் இரும் என்றேன். நீர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டீர்.

ஒருநாள் நான் சீரியசாகவே கேட்டேன், அந்த மனிசனின் எழுத்தில் அப்படி என்னத்தைக் கண்டீர் என்று. நீர் மேசை துடைப்பதை நிறுத்தவில்லை.

"அந்த மனிசன் பக்கம் பக்கமாத் துவக்கைப் பற்றி எழுதுறார். ஒருத்தரும் சாகினமில்லை" என்றீர்.

நான் வாளித் தண்ணீரை மாற்றப் போனேன்.

2009இல் நாம் இருவரும் ரயிலேறி ஜெனீவாவுக்குப் போய் ஐ.நா.வுக்கு முன்னால் அந்தப் பெரிய நாற்காலி நிற்கிற வெளியில், ஊரில் நடக்கிற போரை நிறுத்தச் சொல்லித் தொண்டை அடைக்கக் கத்தினோம். அந்த வருடம் முடிவதற்குள் நீர் ஊரில் இருந்த உம்முடைய தம்பியைப் பற்றிக் கதைப்பதை நிறுத்திவிட்டீர். நான் கேட்கவும் இல்லை. நாம் கடைசிவரை ஒருவரையொருவர் நீர் என்றே சொல்லிக்கொண்டோம், நீ என்ற இடத்துக்கு இறங்கவில்லை. சில கதவுகளைத் தட்டாமல் விடுவதும் எங்கள் பழக்கத்தில் ஒன்றாயிருந்தது. இங்கே உமக்கு மகள் இருந்தாள், ஊரில் மிஞ்சியிருந்தவர் அம்மா மட்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தார், கண்பார்வை போய்க்கொண்டிருந்தது. அகதிகள் என்று எங்களுக்குக் கொடுத்திருந்த பயணப் பத்திரத்தில் உலகமெல்லாம் போகலாம், அந்த ஒரு நாட்டுக்கு மட்டும் போக முடியாது. சுவிஸின் சிவப்புப் பாஸ்போட் கிடைத்தால்தான் நீர் அம்மாவைப் பார்க்கலாம். நீ வரும்போது எனக்குக் கண் தெரியுமோ தெரியாது என்று அம்மா தொலைபேசியில் சொன்னதை ஒருநாள் பேருந்துத் தரிப்பில் சொன்னீர். சொல்லிவிட்டு உடனே சூப்புக்காரரின் நாயின் கதைக்குப் போனீர். எனக்கு அழுகை வந்ததை நீர் பார்க்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் அந்தக் கட்டு விவகாரம் வந்தது. இலங்கைக் குடிமக்கள் இங்கே துவக்கு வாங்கக்கூடாது, கையால் எடுத்துச் சுடவும் கூடாது என்று சட்டம் இருப்பது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். வாசிக்கத் தடையில்லைத்தானே என்று நீர் சிரிப்பீர். வாசித்து முடித்தவற்றைக் கிளப்பிலேயே திரும்ப வைத்திருக்கலாம். ஆனால் நீர் பழைய கடதாசி எடுக்கிற நாளில் அவற்றை வீட்டு வாசலில் வைத்தீர். அதுவும் எப்படி? இந்த ஊர்க்காரரே தோற்றுப்போகும்படி ஓரம் சீராகத் தட்டி, நூலைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, மழை வந்தால் நனையாது என்று வழவழப்பான அட்டையை மேலே வைத்துக் கட்டினீர். அந்த அட்டையில் ஒரு துவக்கு நீட்டி நிமிர்ந்து கிடந்தது. கீழ்வீட்டு அம்மா காலையில் நாயோடு இறங்கும்போது அதைப் பார்த்தார். உம்முடைய விண்ணப்பத்துக்காகச் சபை விசாரித்த அயலவர் அவர்தான்.

அந்த அம்மா கெட்டவர் இல்லை. படிக்கட்டில் உம்மை நிறுத்தி அவரே சொன்னார். உங்களைப் பற்றி எல்லாம் நல்லதாகத்தான் சொன்னேன், ஆனால் கேட்டதால் அந்தப் புத்தகங்களைப் பற்றியும் சொன்னேன், எனக்கு யோசனையாக இருந்தது என்றார். நீர் நன்றி சொல்லிவிட்டு மேலே போய் எனக்குத் தொலைபேசி எடுத்தீர். உம்முடைய குரலில் உயிரே இல்லை. நான் வழக்கம்போல ஏசினேன். துப்புரவில் இந்தச் சனத்தையே வெல்ல வேண்டும் என்று உம்மை யார் கேட்டது என்றேன். பிறகு, ஜெர்மன் பழக எடுத்தது என்று மட்டும் சொல்லும், வேறு ஒரு சொல்லும் விடவேண்டாம் என்று பாடம் எடுத்தேன்.

நேர்காணலன்று நான் துணைக்கு வந்தேன். சபைக் கட்டடத்து நடையில் ஒரு வாங்கில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீர் வெளியே வந்தபோது கண் சிவந்து, மூக்கு ஒழுகியபடி இருந்தீர். எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பேருந்துத் தரிப்புவரை விறுவிறு என்று நடந்தீர். அங்கே போய் இருந்ததும் சொன்னீர்.

மலை, மாகாணம், வாக்களிப்பு எல்லாம் கேட்டு முடித்து, நடுவில் இருந்த பெண் கடைசியாகச் சஞ்சிகைக்கு வந்திருக்கிறார். நான் சொல்லித் தந்ததைச் சொல்லத்தான் வாயெடுத்தீராம், வரவில்லையாம். தம்பியைப் பற்றிச் சொல்லிவிட்டீர். அவன் வீட்டை விட்டு இயக்கத்துக்குப் போனான், ஒரேயொரு படம்தான் பிறகு வந்தது, அதில் அவன் தோளில் தொங்குவது என்ன சாமான் என்று அறியத்தான் முதல் சஞ்சிகையைத் திறந்தேன் என்று சொல்லியிருக்கிறீர். எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். கண்டுபிடித்தீர்களா என்று அந்தப் பெண் கேட்டாராம். ஓம் என்றீராம். பிறகும் ஏன் வாசித்தீர்கள் என்று கேட்டாராம். நீர் சூப்புக்காரரைப் பற்றிச் சொன்னீராம். அவருடைய நாய்க்கு இடுப்பு வருத்தம், சுகம் வந்ததா என்று தெரியவேண்டும், கிளப்பில் இருப்பதெல்லாம் பழைய இதழ்கள், அதனால் இன்னும் தெரியாது என்றீராம்.

மேசைக் கரையில் அதுவரை வாய் திறக்காத ஒரு கிழவர் இருந்தாராம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மெதுவாக, அந்த நாய் மாரிகாலத்தில் செத்துப்போனது என்றாராம். அந்த இதழ் அவர் வீட்டில் இருக்கிறதாம்.

"நான் அழுதுபோட்டன்" என்றீர். "தம்பி இல்லையெண்டு கேள்விப்பட்ட நாளிலைகூட எனக்கு அழுகை வரேல்லை. அங்கை, அந்த மூண்டு பேருக்கு முன்னாலை, நாய்க்கு அழுதன்."

சொல் கிடைக்காத நேரத்தில் என் வாயில் எது வரும் என்று உமக்குத் தெரியும். இனிப் பாஸ்போட்டும் இல்லை ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை என்றேன். நீர் சிரித்தீர். சிரித்துக்கொண்டே திரும்பவும் அழுதீர். உம்முடைய கையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிடித்தேன். பேருந்து வந்து போயும் நாம் எழும்பவில்லை.

சபை ஓம் என்று சொல்லிவிட்டது. பாஸ்போட் கைக்கு வர நாளெடுத்தது, வந்த உடனேயே நீர் பறந்துவிட்டீர். திரும்பி வந்த திங்கள் கிளப்பில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, "அம்மாவுக்கு என்னைத் தெரிஞ்சது" என்று மட்டும் சொன்னீர். கையால் முகத்தைத் தடவிப் பார்த்தாரா, கண்ணால் கண்டாரா என்று நான் கேட்கவில்லை. தெரிந்தது என்றால் போதும் என்று இருந்தது.

சபையில் இருந்த அந்தக் கிழவர் கிளப்பின் ஆள் என்பது பிறகுதான் தெரிந்தது. செத்த நாயின் இதழைக் கொண்டுவந்து உமக்குத் தந்தார். சூப்புக்காரர் எப்போதும் விஷயத்துக்கு வருவதில்லை என்பது அவருடைய கட்சி. எனக்கு ஆள் கிடைத்த சந்தோஷம். நீர் சந்தா கட்டினீர், இனி எந்த நாயின் செய்தியும் எனக்குப் பிந்தி வரக்கூடாது என்று. வாசகர் பக்கத்துக்குக் கடிதமும் போட்டீர், அச்சிலும் வந்தது. நாய் செத்ததை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம், இந்த ஒருமுறை சூப்பை விட்டிருக்கலாம் என்று எழுதியிருந்தீர். கீழே உம்முடைய முழுப்பெயரும் ஊரும். அந்தப் பக்கத்தைத் தொழிற்சாலை முழுக்கக் காட்டினேன்.

யார் வேண்டுமானாலும் வந்து சுடலாம் என்று வருடத்தில் ஒருமுறை நாடு முழுக்கக் கிளப்புகளின் கதவைத் திறந்துவிடுவார்கள் அல்லவா, அதற்குக் கிழவர் உம்மை அழைத்தார். இப்போது நீங்களும் எங்கள் ஆள்தானே என்றார். நான் அப்போதும் பழைய குடியுரிமைக்காரி, எனக்குக் குசினி வேலை. சொசேஜ் தட்டோடு வாசலில் நின்று பார்த்தேன். காதுக்கு மூடியெல்லாம் போட்டுவிட்டார்கள். கிழவர் படுத்துச் சுடுகிற பாயைக் காட்டினார், துவக்கை உம்முடைய இரண்டு கைகளிலும் வைத்தார். நீர் படுக்கவில்லை. அப்படியே நின்றீர். பிறகு அதை நெஞ்சோடு கொஞ்சம் உயர்த்தி, இறக்கி, ஒரு குழந்தையைத் திருப்பிக் கொடுப்பதுபோல அவரிடமே கொடுத்துவிட்டு என்னிடம் வந்தீர்.

"உவ்வளவு பாரமோ" என்றீர். "தம்பி சரியான மெலிவெல்லோ."

தட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. சிறிது நேரம் கழித்து, "உம்மட தராசுக்காரரை நான் ஏன் வாசிக்கிறேல்லை எண்டு இப்ப விளங்குதோ" என்று கேட்டீர். விளங்கியது. நீர் அட்டவணைப் பக்கத்தைத் தாண்டிப் போவதை நான் சோம்பல் என்று கிண்டல் செய்திருக்கிறேன். எல்லாத் துவக்குக்கும் அந்த மனிதர் மறக்காமல் போடுகிற வரி ஒன்று அதில் இருக்கிறது. அதைத்தான் நீர் இத்தனை காலமும் வாசிக்காமல் வைத்திருந்தீர்.

உமக்கு நோய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆசுபத்திரியில் வேலை முடிந்து வந்து உமக்குச் சஞ்சிகை வாசித்தேன். சூப்புக்காரர் புது நாய் எடுத்திருந்தார். அது சப்பாத்துகளைக் கடித்துத் துப்பியது, அவருடைய மனைவிக்குப் பிடிக்கவில்லை. உமக்கு நல்ல சந்தோஷம். நான் குரலை மாற்றி, இழுத்து இழுத்து வாசிப்பேன். என் ஜெர்மன் உச்சரிப்பை அந்த நிலையிலும் திருத்தினீர்.

ஒருநாள், "இண்டைக்கு உம்மடையாளை வாசியும்" என்றீர். வேண்டாம் என்றேன். வாசியும் என்றீர். உம்முடைய கண் மூடியிருந்தது. எழுத்துப் பக்கத்தை முடித்து அட்டவணைக்கு வந்தேன். நீளம் வாசித்தேன். குழாய் வாசித்தேன். விசையின் இறுக்கம் வாசித்தேன். அடுத்த வரியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு தீர்ப்புக்குப் போய்விட்டேன்.

"பாரத்தை விட்டிட்டீர்" என்றீர், கண்ணைத் திறக்காமலே.

அந்த இடத்தில் அச்சுத் தெளிவாக இல்லை என்றேன்.

"சூப்புக்காரர் மாதிரிக் கதை விடுறீர்" என்று சொல்லிச் சிரித்தீர். நான் கேட்ட உம்முடைய கடைசிச் சிரிப்பு அதுதான்.

உம்முடைய மகளுக்குத் துவக்கு என்ற சொல்லே பிடிக்காது. அன்ரி, இதை நீங்களே எடுங்கோ என்று சந்தாவை என் பெயருக்கு மாற்றித் தந்தாள். எனக்கும் இப்போது சிவப்புப் பாஸ்போட் வந்துவிட்டது. கிளப்புக்கு வேறு ஆட்கள் துப்புரவுக்குப் போகிறார்கள். கிழவர் வழியில் கண்டால் நின்று, இந்த மாதம் வாசித்தீர்களா என்று கேட்பார். சண்டைக்கு இழுத்தும் பார்ப்பார். ஆனால் அவர் என் கட்சி. எப்படிச் சண்டை பிடிப்பது?

அட்டையை இப்போதுதான் நிரப்பினேன். பிடித்தவர் என்ற இடத்தில் தராசுக்காரரின் பெயரைத்தான் எழுதினேன். கோபிக்க வேண்டாம், உமக்காகக் கட்சி மாறினால் நீரே என்னை மதிக்க மாட்டீர். ஏன் என்ற இடத்தில் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறார் என்று எழுதினேன். எழுதிவிட்டு இந்த மாதத்துக் கட்டுரையை விரித்து, உமக்கு வாசித்ததுபோலவே சத்தமாக வாசித்தேன். நீளம், குழாய், விசை. அடுத்த வரி வந்ததும் என் கட்டைவிரல் தானாகவே போய் விழுந்தது. வீட்டில் ஒருவரும் இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன், பாரத்தை விட்டிட்டீர் என்று நீர் சொல்வதற்காக.